ஒரு மாசம் சிங்கப்பூர் போறேன், வீட்டு கம்ப்யூட்டர அங்கிருந்து இயக்க எந்த சாஃப்ட்வேர் போடலாம்?

ஈரோடு_கணக்கு | ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் ஈரோட்டுல வீட்டுலயே வச்சு கணக்கு எழுதி ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் குடுக்கறவன். பதினாலு பார்ட்டி இருக்காங்க, ஜவுளிக்கடை, மஞ்சள் மண்டி, தறி ஓட்டறவங்க, அதுல ஒண்ணு மட்டும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி. மகளுக்கு சிங்கப்பூர்ல பிரசவம், வர்ற 3ந்தேதி நானும் வீட்டுக்காரம்மாவும் கிளம்பறோம், 28 நாள் அங்க இருப்போம். நடுவுல 11ந்தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ந்தேதி ஜிஎஸ்டிஆர்-3பின்னு ரெண்டு ரிட்டர்னுக்கும் கடைசி நாள் வருதுங்க, தள்ளிப்போட முடியாது, லேட் ஃபீ பார்ட்டி தலையில விழும்.

லேப்டாப்ல காப்பி பண்ணி எடுத்துட்டுப் போயிரலாமேன்னு கேப்பீங்க. கணக்கு எழுதற டாலி சாஃப்ட்வேர் சிங்கிள் யூசர் லைசென்ஸ், ஒரு மெஷின்ல தான் ஆக்டிவேட் ஆகும், லேப்டாப்புக்கு மாத்தணும்னா இங்க சரண்டர் பண்ணணும். ஆனா வாரத்துல மூணு நாள் ஒரு பொண்ணு வந்து இந்த கம்ப்யூட்டர்ல தான் பில் ஏத்துது, அது வேலை நின்னு போயிரும். ரெண்டு எடத்துல ரெண்டு டேட்டா ஓடுனா அப்புறம் எது சரின்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதனால மெஷின் வீட்டுல இருக்கட்டும், நான் அங்கிருந்து அதுக்குள்ள வந்து வேலை பாக்கணும். எந்த சாஃப்ட்வேர் நம்பிப் போடலாம்? காசு குடுத்து வாங்கறதுன்னாலும் பரவால்லைங்க, நடுவுல கைவிடக்கூடாது, அவ்வளவு தான்.

மாலை_காலேஜ் | ஞாயிறு இரவு 9:31

ஐயா, வெளி சாஃப்ட்வேரே வேண்டாம், விண்டோஸ்லயே ரிமோட் டெஸ்க்டாப் இருக்கு. ரவுட்டர்ல போய் 3389 போர்ட்ட, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் வர்ற வாசல, ஃபார்வர்ட் பண்ணி விட்டுட்டா உலகத்துல எங்கிருந்தும் வரலாம். ஸ்பீடும் நல்லா இருக்கும். யூடியூப்ல பாத்து பத்து நிமிசத்துல பண்ணிடலாம்.

சர்வர்ரூம்_சென்னை | ஞாயிறு இரவு 10:05

தம்பி, தப்பா எடுத்துக்காத, ஆனா 3389-அ நேரா இன்டர்நெட்டுக்கு திறந்து விடுன்னு யாருக்கும் சொல்லாத. ஐயா, இத மட்டும் தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க.

ஏன்னு சொல்றேன். திறந்து வச்ச போர்ட்ட தேடிக்கிட்டு ராத்திரி பகலா ஸ்கேன் ஓடிக்கிட்டே இருக்கு, நம்ம வீட்டு அட்ரஸ் யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைக்கக் கூடாது, அவங்க அட்ரஸ் தேடுறதில்ல, எல்லா ஐபியையும் வரிசையா தட்டிப் பாக்குறாங்க. திறந்திருந்தா பாஸ்வேர்டு போட்டுப் போட்டுப் பாப்பாங்க. போர்ட் நம்பர மாத்திட்டா தப்பிச்சுடலாம்னு சிலர் சொல்லுவாங்க, அதுவும் கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது. 2019 மே மாசம் புளூகீப்னு ஒரு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டாங்க, அதுக்கு பாஸ்வேர்டே தேவையில்ல, லாகின் ஆகறதுக்கு முன்னாடியே உள்ள வந்துடலாம். சப்போர்ட் எப்பவோ முடிஞ்சு போன எக்ஸ்பிக்கே பேட்ச் குடுத்தாங்கன்னா எவ்வளவு பயந்திருப்பாங்கன்னு பாருங்க.

எனக்கு தெரிஞ்ச ஒரு ஹார்டுவேர் கடையில இப்படித்தான் திறந்து விட்டிருந்தாங்க, ஓனர் வீட்டிலிருந்து ஸ்டாக் பாக்கறதுக்கு. ஒரு திங்கக்கிழமை காலைல கடைய தொறந்தா டாலி ஃபோல்டர்ல இருந்த எல்லா ஃபைலுக்கும் பின்னாடி ஏதோ ஒரு வார்த்தை ஒட்டியிருக்கு, ஒண்ணும் திறக்கல, டெஸ்க்டாப்புல பணம் கேட்டு ஒரு நோட்பேட் ஃபைல். பேக்கப் அதே மெஷின்ல டி டிரைவ்ல வச்சிருந்தாங்க, அதுவும் போச்சு. நான் போய் நின்னப்ப அந்த பெரியவர் பழைய பில் புக்க எல்லாம் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து டேபிள் மேல அடுக்கிக்கிட்டிருந்தாரு, ஏப்ரல்லேருந்து திரும்ப ஏத்தணும்னு. அத பாத்ததுலேருந்து இந்த போர்ட் விஷயத்துல நான் யார்கிட்டயும் விட்டுக் குடுக்கறதில்ல.

ஐயா, ரெண்டு விஷயம் சொல்லுங்க. விண்டோஸ் ஹோமா ப்ரோவா? அந்த பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு யூஎஸ்பி டோக்கன், அதான் டிஜிட்டல் சிக்னேச்சர் இருக்கற பென்டிரைவ் மாதிரி குச்சி, போட்டு சைன் பண்றீங்களா?

மாலை_காலேஜ் | ஞாயிறு இரவு 10:11

சரிங்கண்ணா, எனக்கு இவ்வளவு தெரியாது. எங்க வீட்டுலயும் திறந்து தான் வச்சிருக்கேன், இப்பவே மூடிடுறேன்.

ஈரோடு_கணக்கு | திங்கள் காலை 6:48

சர்வர்ரூம் சார், செட்டிங்ஸ்ல பாத்தேன், விண்டோஸ் 11 ஹோம்னு இருக்குங்க. டோக்கன் இருக்குங்க, கம்பெனிக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் போட்டாத்தான் ஃபைல் ஆகும். மத்த பதிமூணு பேருக்கும் ஓடிபி தான், அவங்க போனுக்கு வரும், கேட்டு வாங்கிக்குவேன்.

சர்வர்ரூம்_சென்னை | திங்கள் காலை 9:20

அப்ப ஆர்டிபி, அதாவது விண்டோஸோட ரிமோட் டெஸ்க்டாப், அந்த பேச்சே முடிஞ்சுது. ஹோம் எடிஷன்லேருந்து வேற மெஷினுக்கு போகலாம், ஆனா ஹோம் மெஷினுக்குள்ள யாரும் ஆர்டிபில வர முடியாது, அதுக்கு ப்ரோ வேணும்.

காசு குடுத்து ப்ரோவுக்கு மாறிடலாமேன்னு தோணும், மாறாதீங்க, டோக்கன் தான் காரணம். ஆர்டிபில உள்ள வந்தீங்கன்னா அது தனி செஷன், அந்த செஷன்ல விண்டோஸ் உங்க கையில இருக்கற லேப்டாப்புல சொருகின டோக்கன தேடும், ஈரோட்டு மெஷின்ல சொருகியிருக்கறது அதுக்கு கண்ணுக்கே தெரியாது. சைன் பண்ற எம்சைனர் சாஃப்ட்வேர் ஓடும், சர்டிபிகேட் லிஸ்ட் காலியா வரும். நம்ம ஊர்ல எத்தனையோ ஆடிட்டர் ஆபீஸ்ல இதுல மண்டைய உடைச்சுக்கிட்டு டிரைவர திரும்பத் திரும்ப போட்டுக்கிட்டு இருக்காங்க, டிரைவர்ல ஒரு தப்பும் இல்ல. உங்களுக்கு வேண்டியது, நேர்ல மானிட்டர் முன்னாடி உக்காந்தா என்ன தெரியுமோ அதையே அப்படியே காட்டற வகை. குரோம் ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க் எல்லாமே அந்த வகை தான். அதுல டோக்கன் சாதாரணமா வேலை செய்யும்.

அதோட இந்த வகையெல்லாம் வீட்டுலேருந்து வெளிய போற கனெக்‌ஷன வச்சு தான் ஓடுது, ரவுட்டர்ல எதையும் திறக்க வேண்டியதில்ல. இன்னைக்கு நிறைய இணைப்புல திறக்கவும் முடியாது. ரவுட்டர் பக்கத்துல வான் ஐபின்னு (WAN IP) ஒண்ணு காட்டும் பாருங்க, அது 100.64-லேருந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா ஒரே வெளி ஐபிய பல வீட்டுக்கு பங்கு போட்டு குடுத்திருக்காங்கன்னு அர்த்தம், அங்க போர்ட் ஃபார்வர்ட் போட்டாலும் ஒண்ணும் வராது.

டிடிபி_மயிலை | திங்கள் மதியம் 1:40

அண்ணா, நான் நாலு வருஷமா குரோம் ரிமோட் டெஸ்க்டாப் தான். கல்யாணப் பத்திரிகை, சர்ச் புல்லட்டின் எல்லாம் லேஅவுட் பண்றேன், பெரிய மெஷின் மயிலாப்பூர்ல, நான் பாதி நாள் கும்பகோணத்துல அம்மா வீட்டுல. போடறது ரொம்ப சுலபம், கூகுள் அக்கவுண்ட் ஒண்ணு, ஆறு இலக்கத்துக்கு குறையாம ஒரு பின், அவ்வளவு தான். மெஷின் ரீஸ்டார்ட் ஆனாலும் லாகின் ஸ்கிரீன்லயே உள்ள போகலாம், அது தான் எனக்கு பெரிய நிம்மதி.

கொறைன்னு பாத்தா ரெண்டு. ஃபைல இழுத்துப் போட முடியாது, ஓரத்துல ஒரு பட்டை வரும், அதுல அப்லோட் டவுன்லோட்னு இருக்கும், ஒவ்வொண்ணா தான் எடுக்கணும். பிரிண்ட் நம்ம பக்கம் வராது, பிடிஎஃப் ஆக்கி எடுத்துக்கணும். இன்னொண்ணு முக்கியம், நீங்க அங்கிருந்து வேலை பாக்கும்போது இங்க மானிட்டர்ல எல்லாம் அப்படியே ஓடும், வீட்டுக்கு வர்றவங்க உங்க பார்ட்டியோட கணக்க நின்னு பாக்கலாம். நான் மானிட்டர் சுவிட்ச அணைச்சு வச்சுட்டு வந்துடுவேன்.

ஒண்ணு கண்டிப்பா பண்ணுங்க. கூகுள் அக்கவுண்ட்டுக்கு ரெண்டு கட்ட சரிபார்ப்பு போட்டு, பேக்கப் கோடுன்னு பத்து நம்பர் குடுக்கும், ஒவ்வொண்ணும் எட்டு இலக்கம், அத பேப்பர்ல எழுதி பாஸ்போர்ட் கவர்ல வச்சுக்கோங்க. புது நாட்டுல போய் லாகின் பண்ணா கூகுள் கண்டிப்பா நீங்க தானான்னு கேக்கும், அப்ப இந்தியா சிம்முக்கு எஸ்எம்எஸ் வரலைன்னா வாசல்லயே நிக்க வேண்டியது தான். எங்க அக்கா வீட்டுக்காரருக்கு துபாய் ஏர்போர்ட்ல இது தான் நடந்துச்சு, மூணு நாள் மெயிலே திறக்கல.

யாழ்ப்பாணத்தான்_டொரோண்டோ | திங்கள் இரவு 8:15

அண்ணை, நான் டொரோண்டோவில இருந்து யாழ்ப்பாணத்தில அப்பாவின்ர கொம்பியூட்டரை ஆறேழு வருஷமா பாக்கிறன், அவருக்கு கண் தெரியிறது குறைவு, கடிதம், பென்சன் அலுவல் எல்லாம் நான் தான் செய்து குடுக்கிறது. நான் ஒண்டு சொல்லட்டே, எந்த சொஃப்ட்வேர் எண்டதில ஆக்கள் நிறையக் கதைக்கிறாங்கள், எனக்கு ஒரு நாளும் சொஃப்ட்வேரால வேலை நிண்டதில்லை. நிண்டதெல்லாம் கரண்டால. கரண்ட் போய் வந்தால் கொம்பியூட்டர் தானா எழும்பாது, அப்பா பட்டனை அமத்தோணும், அவர் கோயிலுக்குப் போயிருந்தால் அவ்வளவு தான்.

பயோஸுக்குள்ள, கொம்பியூட்டர் எழும்பேக்க விண்டோஸுக்கு முதல் வாற செட்டிங் பக்கத்துக்குள்ள, போங்கோ, கரண்ட் திரும்பி வந்தால் என்ன செய்யோணும் எண்டு ஒரு செட்டிங் இருக்கும், ஏசி பவர் லொஸ் எண்டு ஏதோ ஒரு பேரில, அதை ஓன் எண்டு மாத்தி விடுங்கோ. மாத்திப்போட்டு சும்மா நம்பாதேங்கோ, கொம்பியூட்டர் ஓடேக்க பிளக்கை கழட்டி, ஒரு நிமிசம் விட்டு திரும்பக் குத்திப் பாருங்கோ. தானா எழும்பினால் தான் சரி.

ஈரோடு_கணக்கு | திங்கள் இரவு 9:50

டொரோண்டோ தம்பி சொன்னது நூத்துக்கு நூறுங்க. எங்க ஏரியாவுல மாசம் ஒருநாள் பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்துனா சாயங்காலம் நாலு மணி அஞ்சு மணி ஆகும். யூபிஎஸ் இருக்கு, கால் மணி நேரம் தாங்கும். நான் போற மாசத்துலயும் அது ஒருநாள் வரும்.

சர்வர்ரூம்_சென்னை | செவ்வாய் காலை 8:02

யூபிஎஸ் இருக்கற எடத்துல இந்த பயாஸ் செட்டிங்ல ஒரு கண்ணி இருக்கு ஐயா. கரண்ட் போச்சுன்னதும் யூபிஎஸ் சாஃப்ட்வேரே விண்டோஸ ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிடும்னு வைங்க, ஆனா யூபிஎஸ் இன்னும் ஆன்ல தான் இருக்கு. பேட்டரி காலியாகறதுக்குள்ள ஈபி கரண்ட் வந்துடுச்சுன்னா கம்ப்யூட்டர் பொறுத்தவரைக்கும் கரண்ட் போகவே இல்ல, அதனால எழுந்திருக்காது. முழுநாள் கட்டுல இது வராது, பேட்டரி எப்படியும் செத்துடும். பதினஞ்சு இருபது நிமிச கட்டுல தான் மாட்டும். யூபிஎஸ்-க்கும் சிபியூவுக்கும் நடுவுல ஒரு ஸ்மார்ட் பிளக் போட்டு வச்சா போன்லேருந்து அணைச்சு போடலாம், வேற வழியே இல்லாதப்போ மட்டும்.

ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரும் எதுல ஓடுது? அதுவும் அதே யூபிஎஸ்ல தான் இருக்கணும்.

தூக்கம் வேண்டாம். பவர் செட்டிங்ஸ்ல ஸ்லீப் நெவர். மானிட்டர் அணையலாம், மெஷின் தூங்கக் கூடாது, தூங்கிட்டா எந்த சாஃப்ட்வேராலயும் எழுப்ப முடியாது.

மாலை_காலேஜ் | செவ்வாய் காலை 8:30

அண்ணா, வேக் ஆன் லேன்னு நெட்வொர்க் வழியா எழுப்பற வசதி இருக்கே, அத போட்டா எழுப்பலாமே? ஒரு மாசம் பூரா ஓடிக்கிட்டே இருந்தா கரண்ட் பில் ஏறுமே.

சர்வர்ரூம்_சென்னை | செவ்வாய் காலை 8:55

நல்ல கேள்வி. வேக் ஆன் லேனுக்கு போறது 102 பைட் பாக்கெட் ஒண்ணு, அது வீட்டு நெட்வொர்க்குக்குள்ள எல்லாருக்கும் கத்தற மாதிரி போகும், வெளியிலேருந்து நேரா உள்ள வராது. வீட்டுக்குள்ளயே எப்பவும் ஓடிக்கிட்டிருக்கற இன்னொரு சின்ன பெட்டி, ராஸ்பெர்ரி பை மாதிரி ஏதாவது இருந்து அது தான் கத்தணும். கேபிள் வேற போட்டிருக்கணும், வைஃபைல நம்ப முடியாது. செட் பண்ணி ஓட்டறவங்களுக்கு நல்லது தான், ஐயாவுக்கு இப்ப தேவையில்ல.

பில் கணக்கு போட்டுப் பாரு. சும்மா நிக்கற டெஸ்க்டாப் 50 வாட்னு வச்சா ஒரு நாளைக்கு 1.2 யூனிட், 28 நாளைக்கு 34 யூனிட் கூட வராது. ஒரு ரிட்டர்ன் லேட்டானா வர்ற தொல்லைக்கு இது ஒண்ணுமே இல்ல.

கணக்கியல்_திருச்சி | செவ்வாய் மதியம் 12:18

ஒரு விஷயம் யாரும் சொல்லல, நான் சொல்லிடறேன். சார் பார்ட்டிகிட்ட ஃபீஸ் வாங்கி வேலை பாக்கறார், அது தொழில். எனிடெஸ்க், டீம்வியூவர் ரெண்டோட இலவச வெர்ஷனும் சொந்த உபயோகத்துக்கு மட்டும் தான், தொழிலுக்குன்னா லைசென்ஸ் வாங்கணும். நான் இப்படி ஒரு இலவச சாஃப்ட்வேர (பேர் வேண்டாம், தப்பு என்னோடது தான்) க்ளையண்ட் வேலைக்கு ஓட்டிக்கிட்டிருந்தேன். மார்ச் 31, ராத்திரி, என்ட்ரி பாதியில நிக்குது, வணிக உபயோகம் மாதிரி தெரியுதுன்னு ஒரு பெட்டி வந்து அஞ்சு நிமிசத்துக்கு ஒருதடவ கட் ஆக ஆரம்பிச்சிடுச்சு. திரும்ப கனெக்ட் பண்ணி, லெட்ஜர திறந்து, ரெண்டு வவுச்சர் போடறதுக்குள்ள மறுபடி கட். விடிய விடிய அப்படியே ஓட்டினேன். கையெழுத்து போட்டு ஒத்துக்கிட்ட நிபந்தனைய நாம மீறிட்டு அவங்கள குத்தம் சொல்ல முடியாது. சார், காசு குடுத்து வாங்குங்க, இல்லைன்னா தொழிலுக்கும் தடை இல்லாததா பாத்து போடுங்க.

சர்வர்ரூம்_சென்னை | செவ்வாய் மதியம் 2:44

திருச்சி சார் சொன்னது ரொம்ப சரி, நான் சொல்லியிருக்கணும். ரஸ்ட்டெஸ்க் திறமூலம், ஏஜிபிஎல் லைசென்ஸ், ஆபீஸ் வேலைக்கு ஓட்டறதுக்கு தடை கெடையாது. சொந்தமா சர்வர் வச்சுக்கறவங்க வச்சுக்கலாம், இல்லைன்னா அவங்க பொது சர்வர் வழியாவே போகலாம். நான் வீட்டுல டெயில்ஸ்கேல்னு என் மெஷின்கள மட்டும் இணைக்கற தனி நெட்வொர்க் சாஃப்ட்வேர் போட்டு, அதுக்குள்ள ரஸ்ட்டெஸ்க்க நேரா ஐபி குடுத்து ஓட்டறேன், ஒவ்வொரு மெஷினுக்கும் 100-ல ஆரம்பிக்கற ஒரு அட்ரஸ் வரும், வெளி ஆளுக்கு அப்படி ஒரு மெஷின் இருக்கறதே தெரியாது. ஆனா டெயில்ஸ்கேலோட இலவச பிளானும் சொந்த உபயோகத்துக்குத்தான், ஐயாவுக்கு நான் அத சொல்லல, என் வழி என்னன்னு சொன்னேன்.

என் யோசனை இது தான். முதல் வழி குரோம் ரிமோட் டெஸ்க்டாப், ரெண்டாவது வழி ரஸ்ட்டெஸ்க். ரெண்டையும் போட்டு வைங்க, ரெண்டும் வேற வேற கம்பெனி சர்வர் வழியா போகணும், ஒண்ணு படுத்தா இன்னொண்ணு. கூகுள் அக்கவுண்ட் பூட்டிக்கிச்சுன்னா ரஸ்ட்டெஸ்க்குக்கு அந்த அக்கவுண்டே வேண்டாம். ரஸ்ட்டெஸ்க்க டவுன்லோட் பண்ண உடனே சும்மா டபுள் கிளிக் பண்ணி ஓட்டிட்டு விட்டுடாதீங்க, இன்ஸ்டால்னு கீழ ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கி முறையா போடணும். அப்ப தான் சர்வீஸா ஓடும், ரீஸ்டார்ட்டுக்கு அப்புறமும் இருக்கும், அட்மின் பர்மிஷன் கேக்கற பெட்டி வரும்போது ஸ்கிரீன் நின்னு போகாம தெரியும். நிரந்தர பாஸ்வேர்டு ஒண்ணு வைங்க, பெருசா.

டிடிபி_மயிலை | செவ்வாய் மதியம் 3:10

யாராவது சீனாவுக்கு போறவங்க இத படிச்சா, அங்க கூகுள் திறக்காது, குரோம் ரிமோட் டெஸ்க்டாப்ப நம்பிப் போகாதீங்க. சிங்கப்பூர்ல அந்த பிரச்சனை இல்ல.

வேலூர்_ரிட்டயர்டு | செவ்வாய் மாலை 6:25

பெரியவங்க வீட்டுல இந்த மாதிரி சாஃப்ட்வேர் போடறப்போ இன்னொன்னையும் சேத்து சொல்லணும். 2019 பிப்ரவரியிலயே ரிசர்வ் வங்கி எல்லா பேங்குக்கும் எனிடெஸ்க் பேர சொல்லி எச்சரிக்கை விட்டது. சாஃப்ட்வேர் மேல தப்பு இல்ல, பேங்குலேருந்து பேசறேன்னு ஒருத்தன் போன் பண்ணுவான், இந்த ஆப்ப போடுங்க, அதுல வர்ற ஒன்பது இலக்க நம்பர படிங்கன்னு சொல்லுவான், படிச்சா உங்க போன் அவன் கையில. என் சம்பந்தி இப்படி படிச்சாரு. பென்சன் அக்கவுண்ட்டுல இருந்தது மொத்தமும் அரை மணி நேரத்துல போச்சு, அவரு இன்னைக்கு வரைக்கும் தெரியாத நம்பர்லேருந்து போன் வந்தா கை நடுங்கறாரு.

உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அந்த பொண்ணுகிட்ட சொல்லி வைங்க, நீங்க ஊர்ல இல்லாதப்ப யாரு போன் பண்ணி, சார் சொன்னாரு, கம்ப்யூட்டர்ல இருக்கற நம்பர சொல்லும்மான்னு கேட்டாலும் சொல்லக் கூடாது, நீங்களே வாட்ஸ்அப்ல வீடியோ கால்ல வந்து முகத்த காட்டினா தான்.

ஈரோடு_கணக்கு | செவ்வாய் இரவு 10:30

வேலூர் ஐயா, நல்ல காரியம் சொன்னீங்க, நாளைக்கே அந்தப் பொண்ணுகிட்ட சொல்றேன். டோக்கன கம்ப்யூட்டர்லயே சொருகி வச்சுட்டு போலாம்னு இருக்கேன், சரிங்களா?

கணக்கியல்_திருச்சி | செவ்வாய் இரவு 10:52

வேண்டாம் சார். அது டைரக்டரோட கையெழுத்து. ஒரு மாசம் ஓடற மெஷின்ல தொங்கிக்கிட்டு இருக்கக் கூடாது. பீரோவுல வச்சு பூட்டிட்டு சாவிய வீட்டுல நம்பிக்கையான ஆள்கிட்ட குடுங்க, 11ந்தேதி, 20ந்தேதி ரெண்டு நாளும் நீங்க லைன்ல இருக்கும்போது சொருகச் சொல்லுங்க, சைன் முடிஞ்சதும் கழட்டச் சொல்லுங்க. டோக்கனோட பின் நம்பர் உங்க தலைக்குள்ள மட்டும் இருக்கட்டும். டைரக்டர்கிட்டயும் இப்படி செய்யப் போறேன்னு ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிடுங்க.

ஈரோடு_கணக்கு | சனி இரவு 8:40

எல்லாரும் சொன்னத ஒண்ணொண்ணா செஞ்சு பாத்தேனுங்க, மூணு நாள் ஆச்சு. என்னென்ன நடந்துச்சுன்னு எழுதிடறேன், எனக்கு அப்புறம் வர்றவங்களுக்கு உதவும்.

வீட்டுக்குள்ள உக்காந்து அதே வைஃபைல டெஸ்ட் பண்ணா எல்லாமே ஓடுச்சு. அது டெஸ்ட்டே இல்லைன்னு மச்சான் பையன் சொன்னான், அதனால லேப்டாப்ப எடுத்துக்கிட்டு பிரப் ரோட்டுல ஒரு டீக்கடையில உக்காந்து போன் ஹாட்ஸ்பாட்டுல கனெக்ட் பண்ணேன். குரோம்ல உள்ள போயிட்டேன், ஆனா ஸ்கிரீன் தபால் கார்டு சைஸுக்கு வருது, டாலி விண்டோ பாதி வெளிய நிக்குது, கீழ இருக்கற பட்டனே தெரியல. வீட்டுக்கு போன் பண்ணி வீட்டுக்காரம்மாகிட்ட மானிட்டர் சுவிட்ச போடச் சொன்னேன், உடனே ஸ்கிரீன் பெருசாயிருச்சு. மறுபடி அணைக்கச் சொன்னேன், சின்னதாயிருச்சு. மானிட்டர் அணைஞ்சா மெஷின் மானிட்டரே இல்லைன்னு நினைச்சுக்குதுங்க. இந்த ஒரு விஷயத்த நான் சிங்கப்பூர் போய் பாத்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல.

அப்புறம் மெயின் சுவிட்ச அணைச்சு ஒன்றரை மணி நேரம் விட்டுட்டேன், யூபிஎஸ் கத்தி ஓஞ்சு அணைஞ்சு, திரும்பப் போட்டதும் மெஷின் தானா எழுந்திருச்சு. டொரோண்டோ தம்பிக்கு நன்றி. குரோம் வந்துச்சு, ரஸ்ட்டெஸ்க் வரல. சர்வர்ரூம் சார் சொன்ன அதே தப்பு, இன்ஸ்டால் பண்ணாம சும்மா ஓட்டியிருந்தேன். இப்ப முறையா போட்டுட்டேன், ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணி பாத்துட்டேன், வருது.

சர்வர்ரூம்_சென்னை | சனி இரவு 9:05

எச்டிஎம்ஐ டம்மி பிளக்னு கேளுங்க ஐயா, கட்டைவிரல் அளவு தான் இருக்கும், சில நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். சிபியூ பின்னாடி காலியா இருக்கற எச்டிஎம்ஐ ஓட்டையில சொருகி வச்சா ஒரு மானிட்டர் எப்பவும் இருக்கற மாதிரியே மெஷினுக்கு தெரியும். சொருகினதுக்கு அப்புறம் டிஸ்பிளே செட்டிங்ஸ்ல ரெண்டுலயும் ஒரே படம் வர்ற மாதிரி டூப்ளிகேட்னு போட்டுடுங்க, இல்லைன்னா விண்டோ சில சமயம் இல்லாத மானிட்டர்ல போய் திறக்கும்.

விண்டோஸ் அப்டேட்ட கிளம்பற முன்னாடி மொத்தமா முடிச்சு ரீஸ்டார்ட் பண்ணிட்டு, அப்புறம் அப்டேட்ட கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வைக்கற பாஸ் (Pause) போடுங்க, அஞ்சு வாரம் வரைக்கும் போடலாம், உங்க 28 நாள் அதுக்குள்ள வந்துடும். பேக்கப் ஒரு வெளி டிஸ்க்ல எடுத்து கழட்டி வச்சுட்டுப் போங்க, கம்ப்யூட்டரோட ஒட்டிக்கிட்டு இருக்கற பேக்கப் பேக்கப் இல்ல.

யாழ்ப்பாணத்தான்_டொரோண்டோ | சனி இரவு 11:20

பட்டியல் ஒண்டு எழுதி கொம்பியூட்டருக்குப் பக்கத்தில சுவரில ஒட்டிவிடுங்கோ அண்ணை. எந்த வயர் எது, ரவுட்டரை எப்பிடி அணைச்சுப் போடுறது, எந்த பட்டனை எவ்வளவு நேரம் அமத்துறது. பேனாவால பெரிசா எழுதுங்கோ. அப்பாவுக்கு நான் ரவுட்டர் வயரில சிவப்பு நூல் கட்டி வைச்சிருக்கிறன், போனில சிவப்பு நூல் எண்டு சொன்னால் சரியா அதைக் கழட்டுவார்.

ஈரோடு_கணக்கு | சிங்கப்பூரிலிருந்து, 12ந்தேதி காலை 7:30

வணக்கமுங்க. நேத்து ஜிஎஸ்டிஆர்-1 பதினாலும் முடிஞ்சுது. இங்க நம்ம ஊர விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அதனால அந்தப் பொண்ணு அங்க 10 மணிக்கு வர்றதுக்குள்ள நான் இங்க 12:30 வரைக்கும் நிம்மதியா வேலை பாத்துக்கறேன், ஒருத்தர் மவுஸ ஒருத்தர் இழுக்கற தொல்லை இல்ல. முதல் நாள் கூகுள் கேட்டுச்சு, நீங்க தானான்னு, எஸ்எம்எஸ் வரல. மயிலை மேடம் சொன்ன பேப்பர் பாஸ்போர்ட் கவர்ல இருந்துச்சு, முதல் நம்பர போட்டேன், திறந்துருச்சு.

கம்பெனி ரிட்டர்னுக்கு சாயங்காலம் பொண்ணு டோக்கன சொருகுச்சு, எம்சைனர்ல சர்டிபிகேட் பேரு வந்துச்சு, பின் போட்டேன், ஃபைல் ஆயிருச்சு. போன்ல கழட்டிட்டேன் சார்னு சொல்லிட்டு பீரோ பூட்டற சத்தமும் கேட்டுச்சு. வேகமும் குறை சொல்ல முடியாது, டாலில நம்பர் தட்டுனா உடனே விழுது.

பேரன் 9ந்தேதி பொறந்தான், ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

மாலை_காலேஜ் | 12ந்தேதி காலை 8:10

வாழ்த்துக்கள் ஐயா!! இங்க எல்லாரும் சொன்னத பாத்து எங்க தாத்தா வீட்டு மெஷினுக்கும் நான் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போட்டுட்டேன், போர்ட்டையும் மூடிட்டேன்.

ஈரோடு_கணக்கு | சிங்கப்பூரிலிருந்து, 18ந்தேதி இரவு 9:45

இன்னைக்கு ஈபி பராமரிப்பு, காலைல 9 மணிக்கு நிறுத்திட்டாங்க. இங்க 6:30-க்கு பாத்தப்ப குரோம்ல மெஷின் பேருக்கு கீழ ஆஃப்லைன்னு காட்டுச்சு. 7 மணிக்கு பாத்தா ஆன்லைன், உள்ள போய் பாத்தேன், லாகின் ஸ்கிரீன் நிக்குது, பாஸ்வேர்டு போட்டு டாலிய திறந்தேன், டேட்டா சரியா இருக்கு. வீட்டுல யாரும் எதையும் தொடல. 20ந்தேதி வேலைய நாளைக்கே ஆரம்பிச்சுடறேன்.

சர்வர்ரூம் சார், ஒரு சந்தேகம். கரண்ட் வந்ததுக்கப்புறம் ரஸ்ட்டெஸ்க்ல மட்டும் படம் இழுத்து இழுத்து வருது, குரோம்ல அப்படி இல்ல. எதாச்சும் பாக்கணுமா?

சர்வர்ரூம்_சென்னை | 18ந்தேதி இரவு 10:20

நேரா கனெக்ட் ஆகாம நடுவுல ரிலே சர்வர் வழியா போகுதுன்னு நினைக்கறேன் ஐயா. மேல கனெக்‌ஷன் ஐகான் மேல மவுஸ வச்சா நேரடியா ரிலேவான்னு காட்டும், பாத்து சொல்லுங்க. ரிலேன்னா படத்தோட தரத்த ஒரு படி குறைச்சு வைங்க, கணக்கு வேலைக்கு அது போதும். ரெண்டாவது வழி தானே, உள்ள போக முடிஞ்சா சரி.